ஜனவரி முப்பதாம் திகதிக் கச்சேரி

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கங்காணி பேர் போடும் முன்பே, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்கார வீரசிங்கம் வாயைத் திறந்துவிடுவான். "இன்னைக்கு என்ன நாளு தெரியுமாடா?" என்று கேட்டு, பதிலையும் தானே சொல்வான். ஓகஸ்ட் பதினைந்தா? அமெரிக்காவில் ஒரு பண்ணைச் சேற்றில் லட்சக்கணக்கான சனம் ரொக் பாட்டுக் கேட்கக் கூடிய நாள். எல்லாம் சின்ன வயதில் வானொலியின் ஆங்கில நிகழ்ச்சிகளில் பொறுக்கியது. தோட்டமே கேலி செய்து 'கலண்டர்' என்று பேர் வைத்தது. அவனுக்கு அதில் பெருமை வேறு.

ஜனவரி முப்பதுதான் அவனுக்கு உயிர். 1969இல் அந்த நாளில் பீட்டில்ஸ் பாட்டுக்காரர்கள் லண்டனில் தங்கள் அலுவலகக் கூரைமேல் ஏறி வாசித்தார்கள். பொலிஸ் வந்தது. அவர்கள் ஒன்றாக மக்கள் முன் வாசித்தது அதோடு சரி. அதே நாளில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் கொங்கிரீட் கூரையில் ஏறி, ஒரே ஒரு தடவை கிட்டார் வாசித்துவிட வேண்டும். இருபது வருஷமாக இதே பேச்சு. டிரம் அடிக்கும் சுரேஸ் போன வருஷம் பெப்ரவரி இரண்டாம் திகதி கட்டாருக்குப் போவது முடிவானதும், இனித் தள்ளிப்போட வழியில்லை என்றாயிற்று. வீரசிங்கம் தோட்டத்து ஆபிஸ் கிளாக்கர் ஐயாவிடம் கெஞ்சி, வேலை விட்ட பிறகு அரை மணி நேரம் வாங்கிவிட்டான்.

கச்சேரிக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா இராக்கம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமாம்மா?"

"வாயுதான்யா. நாளைக்கு ஒன் பாட்டு முடியட்டும், பொறகு போலாம்."

அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். கேட்க வசதியாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் சுரேஸ் தன் ஆட்டோவில் பதுளைக்குப் போனான், தாஸிம் நானாவின் கடையில் ஸ்பீக்கர் எடுக்க. லயத்து வீடுகளில் இருந்த ஒரே ஆட்டோ அது. பத்து மணிக்கு அம்மா வாசலில் விழுந்தாள். தோட்ட லொறி கொழுந்தேற்ற மேல்மலைக்குப் போயிருந்தது. அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு பதுளைப் பாதையில் இருந்தது. வீரசிங்கம் போனை எடுத்தான்.

"எங்கடா இருக்க?"

"இப்பதாண்ணே ஸ்பீக்கர ஏத்துனேன்."

"சீக்கிரம் வாடா, அம்மா விழுந்துட்டாங்க!"

அவன் வந்து சேர ஒன்றரை மணி நேரம். ஸ்பீக்கரை ரோட்டோரம் இறக்கிவிட்டு, அது இருந்த இடத்தில் அம்மாவைக் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டொக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார்.

யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. ஒரு பாட்டுக்காக அம்மாவைத் தின்னுட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அம்மாவைப் புதைத்த மண் காயுமுன் சுரேஸ் விமானம் ஏறிவிட்டான். கிட்டார் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது, கம்பிகள் துருப்பிடித்து.

இந்த வருஷம் ஜனவரி முப்பது. பெரட்டில், அவனோடு வேலை செய்யும் தயாபரன், பழைய ஞாபகத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"என்னா கலண்டரு, இன்னைக்கு என்ன நாளு?"

வீரசிங்கம் கவ்வாத்துக் கத்தியைத் துடைத்துச் சாக்கில் சுற்றினான்.

"வெள்ளிக்கெழம," என்றான்.