நாலு மணிக்குத் தேடுகிறவர்

கம்ப்யூட்டருக்குப் பேய் பிடிக்குமா? கேட்டுச் சிரித்தவன்தான் நானும்... போன வாரம் வரை.

பெங்களூர் அல்சூரில் ஒரு ஆஸ்பத்திரி. அதன் சாஃப்ட்வேரைத் தொண்ணூறுகளின் கடைசியில் எழுதியவர்கள் இரண்டு பேர் — நானும் என் நண்பன் செல்வராஜும். ஒரு மாதமாகத் தினமும் சரியாக நாலு மணிக்கு எமர்ஜென்சி கவுன்ட்டரில் ஸ்கிரீன் உறைந்துவிடுகிறது என்று புகார். புதனன்று விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பெயர், ஊர் எதுவும் தெரியாது. ரத்தம் ஏற்ற வேண்டும். லேப் ரிசல்ட் திறக்கவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் மாடிக்கு ஓடிப்போய்த் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிவந்தார். ஆள் பிழைத்தது அதனால்தான்.

மறுநாள் போய் நின்றேன். "நாலு மணி ஆனா யாரோ உள்ள வந்து உக்காந்துக்கறாங்க சார். அடுத்த தடவை என்னால ஓட முடியாது," என்றார் சிஸ்டர்.

நல்லவேளை, திங்களன்றே லாக் என்கிற பதிவேட்டைப் போட்டு வைத்திருந்தேன். யார் கேட்டார்கள், கம்ப்யூட்டர் எந்த வழியில் தேடியது, எத்தனை கிடைத்தது — எல்லாம் அதில் பதிவாகும். ஒரே ஒரு கேள்வி மட்டும் இன்டெக்ஸைத் தொடாமல், லட்சக்கணக்கான நோயாளிகளை முதலிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்திருந்தது. போன் டைரக்டரியில் பெயர் தெரிந்தால் சட்டென்று எடுக்கலாம். "கண்ணாடி போட்டவர்" என்று தேடினால்? பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

கேட்டவர் பெயர்: செல்வராஜ்.

எனக்கு வியர்த்துவிட்டது. செல்வராஜ் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஓசூர் ரோடு கல்லறையில் மண் போட்டவன் நான்.

என்னதான் கேட்டிருக்கிறான்? ஆண். அங்க அடையாளம் — இடது கையில் ஆறு விரல். வயதைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடச் சொல்லியிருந்தான். அது வருஷா வருஷம் தானே ஏறி, இப்போது முப்பத்தொன்று. தேடியது வீட்டைவிட்டு ஓடிப்போன தன் தம்பியைத்தான். பெயரை மாற்றிக்கொள்ளலாம், விரலை? தினம் நாலு மணிக்குத் தானாக ஓடும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், பாவி. அவன் மேஜையை எடுத்தோம், லாகினை மறந்துவிட்டோம். நோயாளிகள் பெருகப் பெருகத் தேடலும் நீண்டுகொண்டே போயிருக்கிறது.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா நிறுத்திடுங்க சார்," என்றார் சிஸ்டர்.

நிறுத்தும் முன் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். எத்தனை கிடைத்தது? திங்கள், பூஜ்யம். செவ்வாய், பூஜ்யம். புதன்... ஒன்று.

விபத்தில் அடிபட்டு வந்தவர். பெயர் தெரியாததால் உத்தேச வயதையும் அங்க அடையாளத்தையும் பதிந்திருக்கிறார்கள். சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு மாடியேறினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் போர்வையை விலக்கினார். இரண்டு தடவை எண்ணினோம். ஆறுதான். தம்பியைத் தேடிய தேடல்தான் தம்பியின் ரிசல்ட்டை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

கீழே வந்தபோது மணி நாலே கால். ஸ்கிரீன் சரளமாக ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் இன்னும் எதையும் நிறுத்தவில்லையே? செல்வராஜின் ப்ரோக்ராமைத் திறந்து கடைசி இரண்டு வரிகளைப் படித்தேன்.

கிடைத்தால் செல்வராஜுக்குச் சொல். பிறகு நின்றுவிடு.

சொல்லியிருக்கும்.