ராணிக்கு நான் மறுத்த மீன்

சுனாமி அலை அடித்த பிறகு எங்கள் கடலிலும் வாவியிலும் பிடிபட்ட ஒவ்வொரு மீனும் என் தங்கச்சி மலரை ஒரு கடியாவது கடித்திருக்கும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். மட்டக்களப்பில் அப்போது நான் மட்டும் அப்படி நம்பவில்லை. சந்தையில் மீன் நாறிக் கிடந்தது, வாங்க ஆளில்லை. ஆனால் ஊர் சில மாதங்களில் தெளிந்துவிட்டது. நானோ யுத்தம் முடிந்த ஆண்டில் நாட்டைவிட்டு நோர்வேக்கு வந்த பிறகும் மீனைத் தொடவில்லை. அதுவும் தெருவெல்லாம் மீன் வாடை அடிக்கிற துறைமுக நகரத்தில் குடியிருந்துகொண்டு! மீனைக் கண்டு ஓடுகிறவன் தஞ்சம் கேட்கத் தேர்ந்தெடுத்த நாட்டைப் பாருங்கள்.

போன பனிக்காலத்தில் பக்கத்து வீட்டு இங்ரிட் அம்மையார் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவருடைய நாய் பம்சே என் பொறுப்பில் வந்தது. இங்கே நாயின் சாப்பாடு ஒரு பாடத்திட்டம். தசைக்குப் புரதம், தோலுக்கும் மயிருக்கும் கொழுப்பு, எலும்புக்குக் கல்சியமும் பொஸ்பரசும், கண்ணுக்கு விற்றமின் ஏ, அந்தக் கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டி. ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அவர் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தது: அவித்த மீன், அதோடு ஒரு கரண்டி மீனெண்ணெய். அதற்கு இங்கே 'திரான்' என்று பெயர். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் கேட்டார்.

"உங்கள் ஊரில் நாய்க்கு மீன் கொடுப்பதில்லையா?"

"கொடுப்பார்கள். என் நாய்க்கு நான் கொடுக்கவில்லை."

"அலர்ஜியா?"

"ஓம், அலர்ஜி."

"பாவம் நாய்" என்று உச்சுக்கொட்டினார். அலர்ஜி எனக்குத்தான் என்று விளக்குமளவுக்கு என் நோர்வேஜிய மொழி வளர்ந்திருக்கவில்லை.

ஊரில் நான் மீன் கொடுக்காத அந்த நாயின் பெயர் ராணி. மலர் வளர்த்தது. அலை வந்த அன்று ராணி எப்படியோ நீந்தித் தப்பி, நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட முகாமைத் தேடி வந்துவிட்டது. மலர் வரவில்லை. மூன்று வாரத்தில் ராணி ஐந்து குட்டிகளைப் போட்டது. நிவாரண அரிசிச் சோற்றில் பருப்புத் தண்ணீரை ஊற்றி வைத்தேன். நிவாரணத்தில் ஒரு டின்மீனும் வந்தது. அது எந்தத் தேதியில் அடைக்கப்பட்டது என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அலைக்கு முந்தியது என்று உறுதி செய்துகொண்டு நானே தின்றேன். நாய்க்கு ஒரு துண்டும் வைக்கவில்லை.

மலரின் புருசன் நவம் வாவியில் வலை போடுகிறவன். யாரும் வாங்காத மணலை மீனையும் ஒரு கை கூனி இறாலையும் ராணிக்கென்று கொண்டுவந்தான். பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தேன்.

"அது குட்டிக்குப் பால் குடுக்கிற நாய் மச்சான். பருப்புத் தண்ணியில என்ன கிடக்கு?"

"மலரையே திங்கக் குடுக்கச் சொல்றியா?"

அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். ராணி வாவிக்கரைக்கு ஓடிவிடக் கூடாதென்று அதை முகாமின் உயரமான தண்ணீர்த் தாங்கியின் இரும்புக் காலில் கட்டினேன்.

இன்னும் இரண்டு வாரம் போனது. ஒரு பகல் ராணிக்கு நடுக்கம் கண்டது. கால்கள் விறைத்தன, வாயில் நுரை. "விசர்! நாய்க்கு விசர் பிடிச்சிட்டு!" என்று அலறிக்கொண்டு நான் அதே தாங்கியின் உச்சிக்கு ஏறிவிட்டேன். நாற்பதைத் தொடப்போகிறவன், இடுப்பில் சாரத்தோடு.

"இறங்குங்க மச்சான். நாய் கட்டிக் கிடக்கு. ஏணி வச்சு ஏறியா கடிக்கப் போகுது?" என்றான் நவம்.

முகாம் சிரித்தது. அலைக்குப் பிறகு அந்தச் சனம் சிரித்து நான் கண்டது அன்றுதான். சிரிப்பு கிடைத்தால் விடுகிறவனா நான்? சாரத்தைத் தூக்கிப் பிடித்தேன், "ஐயோ, பாயுது, பாயுது" என்று இன்னும் கொஞ்சம் அலறினேன். நான் இறங்கி வந்தபோது ராணி செத்திருந்தது. ஒரு கிழமைக்குள் குட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன.

பம்சேக்கும் சோறும் பருப்பும்தான் வைத்தேன். மணந்து பார்த்துவிட்டு, அவமானப்படுத்தப்பட்ட விருந்தாளியைப் போல அது திரும்பிப் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் பட்டினி. கிழவியின் நாயும் என் கையில் சாகப்போகிறது என்ற பயத்தில் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்நாய். கல்சியம் குறைந்தால் நடுங்கும், கால் விறைக்கும், உடனே ஊசி போடாவிட்டால் இறந்துவிடும் என்று கீழே எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"இது விசர் இல்லையா?" என்று வைத்தியரிடம் கேட்டேன்.

அந்தப் பெண் பம்சேயைத் தடவியபடி சிரித்தாள். "பயப்படாதீர்கள், இவனுக்கு அது வராது. இவன் ஆண் நாய். மீனை அவித்துக் கொடுங்கள், போதும்."

வீட்டுக்கு வந்து நவத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. மேசையில் மீன் துண்டு, பொதி பிரிக்காமல். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மீனக் குடுங்க மச்சான்" என்றான். பிறகு சொன்னான்: "மலர் கடலுக்குள்ள போகல்ல."

"என்ன கதைக்கிறாய் நவம்?"

"பனைகளுக்குள்ள கிடந்தாவாம். மூணாம் நாளே எடுத்துப் புதைச்சிருக்காங்க. ஆசுபத்திரியில அடையாளம் பாக்க போட்டோ ஒட்டிக் கிடந்திச்சு. நான் பாத்தனான்."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல?"

"சொன்னா, முகம் எப்பிடி இரிந்திச்சு எண்டு கேப்பீங்க. மறுகா அத நான் சொல்லணும். நீங்க மீன எறிஞ்ச அண்டைக்கே சொல்லியிருந்தா ராணி இரிந்திருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்."

முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. மீனை அவித்து முள்ளெடுத்து வைத்தேன். பம்சே தட்டைத் தரையெல்லாம் தள்ளித் தள்ளி நக்கியது. சட்டியில் பாதி மீன் மிஞ்சியது. எங்கள் ஊரையே அறியாத, வடகடலில் வளர்ந்த மீன். அதைத் தின்னவும் முடியாமல், கொட்டவும் முடியாமல் சட்டியோடு நின்றேன்.

மலரை எந்த மீனும் தொடவில்லை. அலை அவளைத் தரைப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது. மூன்றாம் நாள் மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். அப்போது ராணி குட்டி போட்டிருக்கவே இல்லை. ராணி செத்தது கல்சியம் இல்லாமல்.