அந்தி நேரத்தில் பின்னிய சடை

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நானே இதை வேறு யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள் நான். மாமியார் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று திருநீறு மந்திரிக்கக் கிளம்பினால், முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன். பேய், பிசாசு எல்லாம் வேலையில்லாதவர்கள் பேச்சு என்றுதான் இருந்தேன்.

என் மகள் யாழினி ஏழாவது படித்தபோது, அவள் வகுப்புப் பெண் பிள்ளைகளைக் குத்தாலம் பக்கம் ஒரு பண்ணைக்கு முகாம் அழைத்துப் போனார்கள், வயலில் இறங்கி நடவு கற்றுக்கொள்ள. டீச்சர்கள் குறைவு, துணைக்கு இரண்டு அம்மாக்கள் வந்தால் நல்லது என்றார்கள். நானும் வசந்தியும் போனோம். வசந்தி என் தெருக்காரி, அவள் மகள் காவ்யாவும் அதே வகுப்பு, எங்களுக்குள் ஒளிவுமறைவே கிடையாது.

நான் லீவு போட்டுப் போனதே மகளுக்காகத்தான். கொஞ்ச காலமாக அவள் என்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. பஸ் ஏறும்போதே, "எம் பக்கத்துல உக்காராதம்மா, பாப்பான்னு கூப்பிட்டு மானத்த வாங்காத" என்று சொல்லிவிட்டாள். வசந்திக்கும் வீட்டில் அதே கதிதான், இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனோம். சிரித்தேனே தவிர எனக்கு உள்ளுக்குள் அழுகையாக இருந்தது.

அன்று சாயங்காலம் தலையெல்லாம் சேறாகப் பிள்ளைகள் கரையேறி, கூடத்துக்குள் போய் ஆட்டமும் பாட்டமுமாக இருந்தார்கள். நான் மோட்டார் கொட்டகை ஓரம் வாய்க்கால் படியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் நன்றாகவே இருந்தது, இருட்டில் எதையோ பார்த்தாய் என்று சொல்லாதீர்கள்.

"அம்மா, தலை சிக்கா இருக்கு, வாரி விடும்மா."

யாழினி குரல். நான் திரும்புவதற்குள் கீழ்ப்படியில் வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள், முகாமில் கொடுத்த மஞ்சள் சட்டை, ஈரத் தலை. விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் பக்கம் யாரும் தலை வாரமாட்டார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அதுவும் போக, மகளாகத் தேடி வந்து தலையைக் கொடுக்கும்போது நேரம் காலம் பார்ப்பேனா? பையிலிருந்து சீப்பை எடுத்துச் சிக்கெடுத்தேன். அந்த வழியாக வந்த வசந்தி நின்று ஒரு மாதிரி பார்த்தாள். "என்னக்கா, விளக்கு வெக்கிற நேரத்துல தலை வாரிக்கிட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பின்னி முடிக்கும்போது, "என்ன விட்டுட்டுப் போயிடமாட்டியே?" என்றாள். "உன்ன விட்டுட்டு எங்கடி போவேன்" என்றேன். நம்பினால் நம்புங்கள், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகு நாளாகியிருந்தது. அவள் எழுந்து கொட்டகைக்குப் பின்பக்கமாகப் போனாள், நான் கை கழுவிக்கொண்டு கூடத்துக்குள் போனேன்.

அங்கே யாழினி காவ்யாவோடு உட்கார்ந்திருந்தாள். தலை விரிந்து கிடந்தது, முடியில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"சடைய ஏண்டி அவுத்த?"

"எந்தச் சடை? நான் வெளியவே வரலையே."

"ஆமா மேடம், வயல்லேர்ந்து வந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கா" என்றார் டீச்சர். வசந்தியைப் பிடித்து, "நீ பாத்தியே, சொல்லு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "நான் யாரையும் பாக்கலையே. அக்கா தனியாத்தான் உக்காந்திருந்தாங்க" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகள் அவமானத்தில் அழுதாள். புருஷன் வெளிநாட்டில் இருப்பதால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பிறகு தெருவில் பேச்சு. வசந்தி நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் அதை நிறுத்தியிருக்கலாம். பாவி, நிறுத்தவில்லை. நான் அவளோடு பேசுவதை விட்டேன்.

போன தை மாதம் சர்க்கரை பார்க்க அவள் எங்கள் லேபுக்கே வந்தாள், வேறு ஆள் இல்லை, நான்தான் ரத்தம் எடுக்கவேண்டும். ஊசி குத்துவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்தேங்க்கா. அது யாழினி இல்ல, காவ்யா. எம் பொண்ணு. முகத்த நல்லாப் பாத்தேன். எங்கிட்ட தலையக் குடுக்காதவ உங்ககிட்டப் போய் உக்காந்திருக்காளேன்னு வயிறு எரிஞ்சுது. உள்ள வந்தா காவ்யா அங்க உக்காந்திருக்கா. எம் புள்ளைய இதுல இழுத்து விடக்கூடாதுன்னுதான் பாக்கலன்னுட்டேன்."

என்னைப் பைத்தியக்காரி ஆக்கியதற்கு அது போதுமா, நீங்களே சொல்லுங்கள். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் அவளாவது முகத்தைப் பார்த்தாள், நான் கடைசிவரை பார்க்கவே இல்லை.

யாழினி இப்போது பிளஸ் டூ. எப்போதாவது மனசு இளகி, "எண்ணெ வெச்சு விடும்மா" என்று முன்னால் வந்து உட்காருவாள். நான் தோளைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சீப்பைத் தொடுவேன். வேண்டாம் என்று நினைத்தாலும் கை தானாகப் போய்விடுகிறது. போன வாரம் அப்படித் திருப்பியபோது, "நான்தாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள், அதற்குப் பிறகு வந்து உட்காரவில்லை.