டேப்பெட் கவரும் வலது கையும்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் என் நாத்தனார் குத்துவிளக்குகளோடு சேர்த்து என் கணவரின் கார் பாகம் ஒன்றையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். குரோமியத்துக்கும் பித்தளைக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பூஜை என்றால் அரிவாள், மண்வெட்டி, மோட்டார், டிராக்டர் எல்லாம் பளபளக்க வேண்டும். அன்றைக்கு மங்கலாக எது கண்ணில் பட்டாலும் அதற்குப் புளிதான்.

அது டேப்பெட் கவர். எங்கள் பழைய அம்பாசிடரின் இன்ஜின் தலைமேல் இரண்டு நட்டுப் போட்டு மூடியிருக்கும் நீளத் தகடு. வாங்கியபோது வெறும் பெயிண்ட்தான் அடித்திருந்தது. இவர்தான் ஆசைப்பட்டுக் குரோமியம் ஏற்றினார். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் பானெட்டைத் திறந்து காட்டிவிடுவார். எண்ணெய் கசிகிறது, அடியில் வைக்கும் பேக்கிங்கை மாற்ற வேண்டும் என்று அதைக் கழற்றி வைத்த வாரத்தில்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு சீக்கிரமே தெளிந்தது. கால் மெல்ல நடை பழகியது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. திறந்த இன்ஜின்மேல் உரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு கார் கொட்டகையில் நின்றது.

பூதலூரிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னாள். இவர் கீழே போட்டார். பொறுக்கிக் கொடுத்தேன், மறுபடியும் போட்டார்.

"பந்து கவ்வுறதுக்கு நான் என்ன நாயா?"

நாயாக இருந்தால் சொன்ன பேச்சு கேட்குமே என்று நானும் திருப்பிச் சொன்னேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. இந்தச் சில மாதங்களில் கைக்கு எவ்வளவு பலம் வருகிறதோ அவ்வளவுதான், அதற்கப்புறம் கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இவரிடம் அதை நான் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் நாத்தனாரின் புளி. ஏற்கெனவே பொரிந்திருந்த குரோமியம், புளிக்கும் செங்கல் தூளுக்கும் செதில் செதிலாக உரிந்து உள்ளேயிருந்து செம்பு நிறம் தெரிந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணே, உள்ள செம்புண்ணே. அழுக்கெல்லாம் போயிடுச்சு பாருங்க" என்று கொண்டுவந்து நீட்டினாள். இவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். தங்கையைக் கடிந்து பேச இவருக்கு என்றைக்கும் வாய் வராது. மிச்சத்தையும் தேய்த்து முடித்திருக்கலாமே என்று மட்டும் கேட்டார்.

புதுக் கவரே வாங்கிப் போட்டுவிடலாம் என்றார் மெக்கானிக். இவர் ஒப்பவில்லை. மறுபடி குரோமியம் ஏற்ற வேண்டுமானால் பழைய பூச்சை முழுக்க எடுத்துத் தகட்டை வழவழப்பாக்க வேண்டும். தஞ்சாவூரில் முலாம் பூசும் பட்டறையில் ஆசிட்டும் மெஷினும் வைத்து அதை அவர்களே செய்துவிடுவார்கள். மெஷினில் கொடுத்தால் தகடு மெலிந்துவிடும், நானே தேய்க்கிறேன் என்று தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், வாட்டர் பேப்பர், வாங்கிவரச் சொன்னார். எந்தக் கையால் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீம்புக்கு இடது கையால் தேய்த்திருப்பார்.

கவரை மடியில் இடுக்கிக்கொண்டு, வலது கையைத் தூக்கிப் பேப்பர்மேல் வைத்து, இடது கையால் அதைத் தள்ளினார். முதலில் தேய்த்ததெல்லாம் இடது கைதான். வலது கை சும்மா கூடப் போய் வந்தது. வாளித் தண்ணீரில் நனைத்து நனைத்துக் காலையெல்லாம் அதே வேலை. சம்பா நடவு சமயம். ஒரு நாள் நடவு ஆட்களுக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு போகும்போது பார்க்கிறேன், இடது கை கவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வலது கை தானாக, ஒரு சாண் தூரம் போய் வருகிறது. என் கண்ணே பட்டுவிடுமோ என்று வேகமாக வயலுக்குப் போய்விட்டேன்.

கார்த்திகை மழை விட்டதும், முடிந்துவிட்டது, கொண்டுபோய்க் கொடு என்றார். மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒரே யோசனை. இதைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு எதைத் தேய்ப்பார்? அந்தக் கை இன்னும் சோறு பிசையவில்லை, சட்டைப் பித்தான் போடவில்லை. குரோமியம் யாருக்கு வேண்டும்?

பட்டறைக்காரர் கவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது, இப்போதே ஏற்றிவிடலாம் என்றார். இன்னும் குழி இருப்பதாக நீங்கள் சொன்னீர்கள் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பற்றிச் சொன்னேன். அவர் கவரைப் பைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"குழியா? எங்க?" என்றார் இவர். கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார், என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளின் பொய் தெரியாதா என்ன?

"சரி, பேப்பரைக் கொண்டா."

தெரிந்துகொண்டேதான் வாங்கினார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தக் குழியை வைத்தே மார்கழியை ஓட்டினோம்.

பொங்கல் கழிந்து கவர் முகம் பார்க்கும் பளபளப்போடு வந்தது. நாத்தனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தாள். மெக்கானிக் புதுப் பேக்கிங்கை வைத்துக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து இவரே பூட்டினார். முதல் நட்டு ஏறிவிட்டது. அடுத்தது விரலிலிருந்து நழுவி இன்ஜின் சந்தில் விழுந்தது. மெக்கானிக் எடுத்துக் கொடுத்தார், மறுபடியும் விழுந்தது. நான் வெளியே நெற்கதிரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்பேனர் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். ரொம்ப இறுக்கினால் பேக்கிங் நசுங்கிவிடும் என்று மெக்கானிக்குக்கே பாடம் நடந்துகொண்டிருந்தது. வண்டி முக்கி முனகிக் கிளம்பியது. எண்ணெய் கசியவில்லை.

எழுப்பிவிடச் சொல்லிக் கையை நீட்டினார். எப்போதும் இடது கையைத்தான் நீட்டுவார். அன்றைக்கு நீட்டியது வலது கையை. பிடித்து இழுத்தேன். எழுந்து நின்ற பிறகும் அவர் விடவில்லை. என் வளையல் சதையில் அழுந்தியது.

"விடுங்க, வலிக்குது" என்றேன். சொன்னதுமே, விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.