பிணைக் கையெழுத்து

கொக்குவில் பக்கத்துத் தபால் கந்தோர் ஒன்றில் முத்திரை விற்றவர் அவர். ஒல்லியான உடம்பு. எதை வாசித்தாலும் உதடுகள் அசையும். என் படிப்புக் கடனுக்கு அரச உத்தியோகத்தர் ஒருவர் பிணை நிற்கவேண்டும் என்றது வங்கி. எங்கள் சொந்தத்தில் அப்படி யாருமில்லை. அம்மா அவரைக் கேட்டார். அவரும் கையெழுத்து வைத்தார்.

நான் படித்து முடிக்க, நாடு கடனைக் கட்டமுடியாமல் வங்குரோத்தாகிவிட்டது. வேலை கிடைக்கவில்லை. கடனைக் கட்ட ஒரு வருடம் தவணை தருவதாக வங்கி அறிவித்தது. ஆனால் பிணை நின்றவர் மறுபடியும் ஒப்பமிட வேண்டும். படிவத்தோடு அவரிடம் போனேன்.

முழுவதையும் வாசித்துவிட்டு, “போட்டுப் பாக்க ஏதும் கடுதாசி இருக்கோ பிள்ளை?” என்று கேட்டார். முந்தைய கையெழுத்தோடு ஒத்துவராவிட்டால் வங்கி திருப்பி அனுப்பிவிடுமாம். கைப்பையில் தட்டுப்பட்ட உறை ஒன்றைக் கொடுத்தேன். அதைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று தரம் கையெழுத்திட்டுப் பார்த்தார்.

“நான் கட்டாட்டி உங்கடை சம்பளத்திலைதான் வெட்டுவினம், ஐயா.”

“ஓம், தெரியும். ரெண்டு பேருக்காக இப்பவும் வெட்டுப்படுது. அவையள் வெளிநாட்டிலை.”

“பிறகேன் வைக்கிறியள்?”

“நாலு பேருக்குப் பிணை நிண்டனான். நீர் ஒராள்தான் திரும்பி வந்து கேக்கிறீர்.”

படிவத்தில் கையெழுத்து வைத்து, உறையையும் சேர்த்துத் தந்தார்.

வெளியே வந்துதான் உறையின் முன்பக்கத்தைப் பார்த்தேன். காலையில் படம் எடுத்த கடைக்காரர் ‘கடவுச்சீட்டுப் படம்’ என்று பெரிதாக எழுதியிருந்தார். அதைத் திருப்பும்போது அவருடைய உதடுகள் அசைந்தனவா என்று நான் கவனிக்கவில்லை.