ஜரிகை டப்பாவில் மாத்திரை

என் தம்பிக்கு எதையும் எறிய மனம் வராது. அறுந்த பட்டு, மிஞ்சிய ஜரிகை எல்லாவற்றையும் சுருட்டித் தறிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பான். நெசவுக்கார வீட்டில் அது நல்ல குணம்தான். மலேரியா மாத்திரையிலும் அந்தக் குணத்தைக் காட்டினானே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அது மழைக்காலம். ஒருநாள் விட்டு ஒருநாள் அவனைக் குளிர் தூக்கிப் போட்டது. ஜுரம் இல்லாத நாளில் தறிக்குழியில் காலை விட்டு நெய்தான். நெய்கிறானே, தேறிவிட்டான் என்று அவன் மனைவியும் நம்பிவிட்டாள். அக்கா நான் ஓரிக்கையிலிருந்து வந்து, திட்டித் தீர்த்து, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்றார்கள். மூன்று நாள் சாப்பிட ஒரு மாத்திரை, பதினான்கு நாள் சாப்பிட இன்னொன்று.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். ஜுரம் விட்டாலும் கிருமி ஈரலில் பதுங்கியிருக்கும், அதைக் கொல்வது இரண்டாவது மாத்திரைதான், பாதியில் நிறுத்தக் கூடாது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அவள் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அவன் மனைவி அப்போது ஆறு மாதம். எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். மனசு முழுக்கத் தறியில் நின்ற முகூர்த்தப் புடவையில் இருந்திருக்கிறது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கொசுவலையும் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் போனேன். அவன் மனைவி போர்வைக்குள் பல் கிட்டிக்கக் கிடந்தாள். அவன் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் அந்த டப்பா திறந்திருந்தது. அவள் உள்ளங்கையில் ஒரு மாத்திரை.

"என்ன மாத்திரைடா அது?"

"எனக்குக் குடுத்ததுதான்க்கா. ஜுரம் வுட்டுடுச்சேன்னு நிறுத்திட்டேன். வீணாவுதேன்னு எடுத்து வெச்சேன். இவளுக்கும் அதே குளிருதான் வந்துக்கினு இருக்குது."

அவள் கையைத் தட்டிவிட்டேன். மாத்திரை உருண்டு தறிக்குழிக்குள் விழுந்தது.

"எத்தனைம்மா முழுங்கின?"

"இன்னும் முழுங்கல அண்ணி. இதான் மொத மாத்திரை."

அப்போதுதான் பார்த்தேன், நான் வாங்கிக் கொடுத்த கொசுவலை தறிமேல் பாவு நூலுக்குப் போர்த்தியிருந்தது. பல்லி எச்சம் விழுமாம்! புகை மருந்து அடிக்க வந்தவர்களையும் பட்டில் கறை படும் என்று கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறான். மாடித் தொட்டிக்கு மூடி கிடையாது. அந்த நல்ல தண்ணீரில்தான் மலேரியாக் கொசு முட்டையிடும், சாக்கடையில் அல்ல என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பட்டுக்கு அத்தனை காவல். பெற்றுத் தரப்போகிறவளுக்கு ஒரு துணித் திரைகூட இல்லை.

"உனக்குப் பொண்டாட்டி வேணுமா, பொடவை வேணுமா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவளுக்கும் மலேரியாதான். கர்ப்பிணிக்கு ஆகிற மருந்தாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அவனுக்கும் முதலிலிருந்து மாத்திரை ஆரம்பித்தது. தினமும் பஸ் ஏறி வந்து, அவன் சாப்பிட்டதும் எதிரில் நின்று விழுங்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். கல்யாணம் ஆன ஆண்பிள்ளைக்கு அவமானமாம். இருக்கட்டும்.

பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான், ஆனால் ஊரைக் கூட்டுகிற அழுகை. கொசுவலை இப்போது குழந்தையின் ஏணைத் தொட்டில்மேல் கிடக்கிறது. நான் எப்போது போனாலும் முதலில் அந்தப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, கையை விட்டு அடிவரைக்கும் துழாவுகிறேன். ஜரிகைதான் வருகிறது. தம்பி முகம் சுண்டிப்போகும். குழந்தையை அப்புறம்தான் தூக்குவேன்.