வாய்க்கால் தாண்டும் ஓட்டம்

எங்கள் ஹைஸ்கூலுக்குப் புதிதாக வந்த ஹெட்மாஸ்டருக்குக் கையும் காலும் சும்மா இருக்கவில்லை. நூறு கெஜம், கால் மைல் என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு ஸ்டீபிள் சேஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மூங்கில் தடைகளைத் தாண்டி ஓட வேண்டும். கடைசியில் மைதானத்தை ஒட்டிய வாய்க்காலுக்குள் குதித்து எதிர்க்கரை ஏற வேண்டும்.

"மூங்கில்னா தட்டுனதும் விழுந்துரும் சார். வாய்க்கா ஆள் மட்டத்துக்கு ஆழம். எவனாச்சும் காலை ஒடிச்சுக்கிருவான்" என்று டிரில் மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். பெரியாற்றுத் தண்ணீரை நிறுத்தியிருந்த மாதம் அது. "காய்ஞ்ச வாய்க்கால்தானே" என்று ஹெட்மாஸ்டர் பேச்சை முடித்துவிட்டார்.

என் பக்கத்தில் உட்காரும் பையன்தான் எங்களில் நல்ல ஓட்டக்காரன். அவன் அப்பா வாய்க்கால் நாட்டாமை. மடை திறப்பதும் அடைப்பதும் அவர் வார்த்தைதான். மூடிக் கிடந்த மடையைத் திறக்குமுன் கரை நெடுகத் தமுக்கு அடித்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். உள்ளே மேயும் ஆடு மாடு, விளையாடும் பிள்ளைகள் எல்லாம் மேலேறிவிடும்.

போட்டியைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். அன்றைக்குத்தான் மடை திறக்கும் முறை. தமுக்குக்காரரை நாட்டாமை வழியிலேயே மறித்திருக்கிறார். "பெரிய மனுசங்க வந்து உக்காந்திருக்காக. இன்னைக்கு ஒருநா சத்தம் வேணாம்ப்பா. தண்ணி இங்கன வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும்." மகன் ஓடுவதைத் துரை நிம்மதியாகப் பார்க்க வேண்டுமாம். இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்த சங்கதி.

மூங்கில்களைச் சுகமாகத் தாண்டினோம். அவன் எனக்கு முன்னால் போய் வாய்க்காலுக்குள் குதித்தான். நான் கரைக்கு வந்தபோது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பெசகிருச்சுடா" என்று சிரித்தான்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனால் மண் நனைந்த வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தேன். வாய்க்காலின் தரையே எழுந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சருகும் முள்ளுமாக ஒரு குவியல், அதன்மேல் தலை தூக்கிய பாம்புகள். ஒரு சத்தம் இல்லை. அடியில் தண்ணீர் தள்ளிக்கொண்டு வருகிறது என்று எனக்குப் புரியவே நேரமானது. படுத்துக்கொண்டு கையை நீட்டினேன். எட்டவில்லை. அவன் சிரிப்பு அடங்குமுன் சருகு அவனை மூடிவிட்டது.

மடையை அடைக்க ஆட்கள் ஓடினார்கள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. துரை, ஹெட்மாஸ்டர், மொத்தப் பள்ளிக்கூடமும் கரையில் நின்று தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வடியவே வேண்டாம், இப்படியே நிறைந்து கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வடிந்தது. பாலத்தடியில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தான். நாட்டாமைதான் முதலில் இறங்கினார். வேட்டி நுனியால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

"ஏலே, எந்திரி. துரை பாத்துக்கிட்டு நிக்கிறாக."